மாத்திரை சாப்பிடாதவர்கள் மட்டும்

கணவரை இழந்து ஓராண்டு ஆகாத பெண்களைத் தேடி நான் பூதப்பாண்டிப் பக்கம் அலைந்தது முதுகலை உளவியல் ஆய்வுக்காக. தேர்வாகிறவர் வீட்டுக்கு வாராவாரம் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மனதுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்பது பேராசிரியையின் கண்டிப்பு. மருந்து பட்ட துக்கம் கணக்கில் வராதாம். தாங்க முடியாமல் டாக்டரிடம் போனவள் எங்களுக்கு லாயக்கில்லை. நல்ல நியாயம்!

அங்கே ஒரு தெருவில் ஓர் அத்தை. மகன் கல்ஃபில், வீட்டில் வேறு யாருமில்லை. ஒரு நாளில் எப்போது கணவர் இல்லாதது அதிகம் தெரிகிறது என்று கேட்டதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலம்பற அவியளுக்க பேப்பர் வந்து விழும்பம். எனக்கு அது வேண்டாம் மக்கா. நிறுத்தச் சொல்லவும் மனசு வரல்ல."

கேள்வித்தாளில் மருந்துக் கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தார்கள். முதலில் கேட்டுத் தொலைத்திருந்தால் அவர் இவ்வளவு பேசியிருக்க மாட்டார். காலையில் ஒரு மாத்திரை, நாகர்கோவில் டாக்டர் கொடுத்தது என்றார். சேர்க்க முடியாது என்று விளக்கினேன்.

"அப்பம் நான் பெயிலா?" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் வேறொரு வீட்டுக்குப் போகப் பஸ்ஸைவிட்டு இறங்கினால், அவர் நிறுத்தத்தில் நிற்கிறார். பல நாள் தூங்காதவர்போலக் கண் சிவந்திருந்தது.

"மாத்திரையை நிறுத்திட்டேன். இப்பம் சேத்துக்கிடுவியா?"

"யாரைக் கேட்டு நிறுத்துனிய அத்தை?" என்று தெருவென்றும் பாராமல் சத்தம் போட்டேன்.

"மவன் போன்ல சாப்பிட்டியாம்மான்னு கேப்பான், வச்சிருவான். அவியளைப் பத்தி நீ ஒருத்திதான் கேட்ட."

வீட்டுக்கு அழைத்துப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன். திட்டினார். இப்போதே கொடுங்கள், நாளை அழைத்து வாருங்கள் என்றார். மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

"இதை முழுங்கினா நீ வரமாட்ட, இல்லியா மக்கா?"

"முழுங்குங்க அத்தை" என்றேன்.