ஐந்தாவது எண்ணைச் சொன்னது யார்

பேய், காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை, கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

ஆயுத பூஜை லீவோடு நாலு நாள் சேர்த்துக்கொண்டு கம்பெனியிலிருந்து ஐந்து பேர் உத்தரகாண்டுக்குப் போயிருந்தோம், பனிச்சிகரம் ஒன்றைக் கிட்டே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று. மூன்றாம் நாள் மதியம். மரங்களெல்லாம் எப்போதோ கீழே நின்றுவிட்டன, வெறும் கல்லும் பனியும், பத்தடி வைத்தால் நெஞ்சை அடைக்கிறது, எதிரே சிகரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் இறங்கி அதை மூடியது, எங்களையும் மூடியது. உடனே இறங்கணும் என்றார் வழிகாட்டி.

பழக்கம் விடுமா, கம்பெனியில் தீ ஒத்திகையில் செய்வதுபோல "நம்பர் சொல்லுங்கப்பா" என்றேன். நான் ஒன்று. இரண்டு, மூன்று வந்தது. நாலு, கெலமங்கலத்துப் பையன் மஞ்சு. ஐந்து, தளிப் பக்கத்து நாகராஜ். வீட்டில் கன்னடம், ஒத்திகையிலும் "ஐது" என்றுதான் சொல்வான். "ஐது" என்று பக்கத்திலேயே கேட்டது. ஆள் சரி என்று இறங்கினோம். முன்னால் போகிறவன் காலை மட்டும் பார்த்து ஒரு மணி நேரம் நடந்து கூடாரத்துக்கு வந்தால் நாலே பேர்.

மஞ்சுவின் சட்டையைப் பிடித்தேன். ஏனென்றால் ஒத்திகை நேரத்தில் நாகராஜ் கேன்டீனில் இருந்தால், அவன் குரலிலேயே அவன் நம்பரைச் சொல்லிவிடுவது மஞ்சுதான். நானும் தெரிந்தே விட்டிருக்கிறேன்.

"நீதானடா சொன்ன?"

"எங்கம்மா மேல சத்தியம்ண்ணா, நாலோட நிறுத்திட்டேன். மூச்சே வரல, இதுல மிமிக்ரி ஒண்ணுதான் கொறச்சலா?"

நான் நம்பவில்லை. வழிகாட்டி தனியாகத் திரும்ப ஏறினார். நாகராஜின் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று நான் ஒரு மூலையில், மஞ்சு ஒரு மூலையில், முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் நாகராஜைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் நீலம், உயிர் இருந்தது. ஏறும்போதே மூச்சு வாங்க ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அங்கேயே இருந்துவிட்டான். மஞ்சுவை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"நாலு வரைக்கும் கேட்டுச்சுண்ணா. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள என் பக்கத்துல யாரோ சொல்லிட்டாங்க. என் கொரலு. அப்புறம் கத்தறதுக்கே பயமா இருந்துச்சு."

இருவரும் சேர்ந்து கட்டிய கதையோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனால் பேசி வைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் ஏது? அந்தப் பாறையிலிருந்து நாங்கள் நின்ற இடம் கால் மணி நேர ஏற்றம் என்றார் வழிகாட்டி.

இன்றைக்கும் மஞ்சுவைப் பார்த்தால் "நீதான் சொன்ன" என்பேன், அவன் இல்லை என்பான். ஆனால் அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எண்ணும்போது வழிகாட்டியும் மற்றவர்களும் முன்னால், அவன் எனக்கு நேர் முன்னால் நின்றான், அவன் பையின் வாரை நான்தான் பிடித்திருந்தேன். அந்த "ஐது" வந்தபோது என் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.