கம் பேக்: ஒரு வரி காலி

எங்கள் பதிப்பகத்தின் ஆங்கில கைடுகளுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதித் தந்தவரை நாங்கள் ‘உதாரணம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். நான் பிழை திருத்துபவள். எங்கள் மேசைகள் எதிரெதிரே.

‘கிவ் அப்’, ‘டர்ன் டவுன்’ மாதிரி இரட்டைச் சொல் வினைகளைச் சும்மா பட்டியல் போட்டால் யார் மண்டையிலும் ஏறாது, சூழலோடு சொன்னால்தான் நிற்கும் என்பது அக்காவின் கட்சி. கூடவே ஒரு பிடிவாதம்: வீட்டில் நடக்காததை எழுதவே மாட்டார். வீட்டில் இருந்ததோ அவரும் தம்பியும் மட்டும். ஆக, முந்நூறு வாக்கியத்திலும் தம்பிதான். தம்பி படிப்பைக் கைவிட்டான், கிவ் அப். தம்பியைப் பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள், டர்ன் டவுன். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

புத்தகம் சக்கைப்போடு போட்டது. தம்பி வேலை பார்த்த கடைக்கு மாடியில் ஒரு டியூஷன் சென்டர். ஒருநாள் மதியம் நாற்பது பேர் தன் மானத்தைக் கோரஸாக மனப்பாடம் செய்வதைக் கேட்டிருக்கிறான். அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். அடுத்த பதிப்பில் அதையும் எழுதினார் அக்கா. வாக் அவுட்.

அதன்பின் பதினோரு வருடம். ஒவ்வொரு பதிப்பிலும் ‘கம் பேக்’குக்கு நேரே ஒரு வரியைக் காலியாக விட்டுத் தருவார். அச்சுக்குப் போகும் நாள்வரை பார்த்துவிட்டு, அந்தச் சொல்லையே அடித்துவிடுவார்.

இந்த முறை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். முதலாளியின் நச்சரிப்பு தாங்கவில்லை. ஒரு வரிதானே என்று நானே நிரப்பினேன்: ‘தம்பி போன வாரம் திரும்பி வந்தான்.’

புத்தகம் வந்ததும் அக்கா நேரே அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்.

“எப்பம்மா வந்தான்?”

“அக்கா, அது நான் சும்மா எழுதினதுக்கா. இடம் காலியா இருந்துச்சுன்னு...”

“நம்ம புத்தகத்துல நடக்காதது வராதே. நான் ஆஸ்பத்திரி போயிருந்தப்ப வந்திருப்பான். வீட்டைப் பூட்டிட்டுல்ல போனேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், காலைக்கூடப் பிடித்தேன். அக்கா கேட்கவில்லை. அன்றோடு வேலைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

வாரம் ஒருமுறை பார்க்கப் போகிறேன். வாசல் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது. செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே உள்ளேயிருந்து குரல் வரும்:

“வந்துட்டியாடா?”