அப்பா ராணியைக் கொடுத்த ஞாயிறு

சதுரங்கத்தில் அப்பாவுக்கு மூன்றே சட்டம்: நடுவைப் பிடி, ராஜாவை மூலைக்கு அனுப்பு, ராணியை எதற்காகவும் கொடுக்காதே. அதற்கு மேல் யோசித்தால் அவருக்குத் தலை வலிக்கும். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாரம் முழுக்க அளவு பார்த்தவனை ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா விடுங்கள் என்பார்.

அக்கா வேறு மாதிரி. நான் இதை வைத்தால் அவர் எதை வைப்பார் என்று ஐந்தாறு நகர்த்தலை மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பாள். எனக்கும் அதைப் பழக்கியவள் அவள்தான். ஒன்பது வயதில் எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அக்கா பத்தாவது முடித்ததும், பெண்பிள்ளைக்கு இது போதும் என்று அப்பா தன் கம்பெனியிலேயே குறையுள்ள பனியனைப் பிரித்தெடுக்கும் செக்கிங் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

"நான் பதினொண்ணு படிக்கறனுங்கப்பா" என்று அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் ஞாயிறு. மங்கலத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஒற்றை அறையில் அப்பா பலகையை விரித்தார்.

"என்னைய ஜெயிச்சுரு அம்மிணி. பள்ளிக்கொடத்துக்கே அனுப்பறேன்."

பெற்ற பிள்ளையின் படிப்பை ஆட்டத்தில் பணயம் வைத்தாரே என்று இப்போது வயிறு எரிகிறது. அன்று நானும் பக்கத்தில் சம்மணம் போட்டு ஆசையாக உட்கார்ந்தேன்.

அக்கா ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தாள். தன் கடைசி வரிசைக்கு ஒற்றை யானையைக் காவல் விட்டு, மற்ற காய்களால் அப்பாவின் ராஜாவை வளைத்துவிட்டாள். இன்னும் ஒரு நகர்த்தல்தான். அப்பா வழக்கம்போல ராணியைப் பின்னுக்கு இழுக்கப் போனார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கடைசி வரிசையில ராணியக் குடுத்துருங்கப்பா! அக்கா யானையில வெட்டட்டும். அப்பறம் உங்க யானை அத வெட்டிட்டு அங்க நின்னுச்சுன்னா அக்கா ராஜாவுக்குப் போக எடமே இல்லீங்கப்பா!"

அப்பா ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ராணியைக் கொடுத்தார்.

"சரியாத்தான் பாத்திருக்கறே கண்ணு" என்றாள் அக்கா. அன்று அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அப்பா என் தலையைத் தடவிச் சிரித்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றார்.

அப்பா ராணியைக் கொடுக்கமாட்டார் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் அக்கா கடைசி வரிசையை ஒற்றைக் காவலில் விட்டிருந்தாள். இது எனக்கு விளங்கப் பல வருடம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை அவள் கம்பெனி வேனில் ஏறினாள். சாயங்காலம் அவள் வருவதற்குள் காய்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன். அவள் கையைக் கழுவிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோற்றுப்போன கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.