எதிரே நிற்பவரின் வலது கை

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆவுடைத்தாய் உடற்பயிற்சி ஆசிரியை. அச்சன்புதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஏழரைக்கெல்லாம் விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்பாள். முந்நூறு பிள்ளைகளுக்கு எதிரே நின்று “வலது கை மேலே” என்று சொல்லும்போது, அவள் தூக்குவது தன் இடது கையைத்தான். அப்போதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், யோசிக்காமலே கை எழும்பும்.

கணக்கு டீச்சர் நீலா அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். ஆவுடைத்தாய் டைபாய்டில் கிடந்த ஒரு மாதமும் பள்ளி விட்டதும் அச்சன்புதூருக்கு பஸ் ஏறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

1986ஆம் வருஷக் கோடை விடுமுறையில் நீலாவின் தம்பி சந்தானகிருஷ்ணன் ஒரு கம்ப்யூட்டர், கேமரா, டி.வி. சகிதம் சென்னையிலிருந்து வந்து இறங்கினான். அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்கு வேலை. பித்தானைத் தட்டாமல், கையை அசைத்தே கம்ப்யூட்டருக்குச் சொல்ல முடியுமா என்பது அவன் ஆராய்ச்சி. தலைமை ஆசிரியை ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்.

சுவரில் கறுப்புத் துணி. அதன் முன்னால் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கேமரா கையைப் பார்க்கும்; டி.வி.யில் கோட்டுப் பொம்மை ஒன்று நம்மைப் போலவே கையை ஆட்டும். பொம்மைக்குக் கண்ணும் மூக்கும்கூட உண்டு. திரையின் ஓரத்தில் தெரியும் கட்டத்தை அந்தப் பொம்மையின் கையால் தொட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருவராலும் முடியவில்லை. வலப்பக்கக் கட்டத்துக்குக் கையை நீட்டினால் பொம்மையின் கை இடப்பக்கம் போனது. கணக்கில் பிழை என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான் சந்தானம்.

நீலாவோடு வேடிக்கை பார்க்க வந்த ஆவுடைத்தாய் ஒரு தடவைதான் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கு. பொம்மை நமக்கு எதிர்த்தாப்புல நிக்குதுல்லா? நாம வலது கையத் தூக்கினா அது இடது கையத் தூக்கணும். பிள்ளைகளுக்கு முன்னால நான் அப்படித்தான் நிக்கேன். இல்லேன்னா அதை முதுகக் காட்டி நிக்க வையி. புது ஸ்டெப் சொல்லிக் குடுக்கையில நான் திரும்பி நின்னுக்கிடுவேன்.”

சந்தானம் ஒரே ஒரு வரியை மாற்றினான். அடுத்து வந்த பியூன், எப்படி என்று கேட்காமலே கட்டத்தைத் தொட்டுவிட்டுச் சிரித்தார். சந்தானம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

“அக்கா, கட்டுரையில உங்க பேரும் என் பேரும் சேர்ந்து வரும். சத்தியமா.”

மீதி லீவு முழுக்க ஆவுடைத்தாய் வீட்டில் தங்கவில்லை. அச்சன்புதூரிலிருந்தும் வடகரையிலிருந்தும் நாற்பது பேரை அழைத்து வந்தாள். எதிரே நிற்கும் பொம்மையோடு ஒரு தரம், முதுகு காட்டும் பொம்மையோடு ஒரு தரம் என்று எல்லோரையும் செய்யவைத்து, ஓட்டப்பந்தயக் கடிகாரத்தில் நேரம் பிடித்து ஒரு நோட்டில் எழுதினாள். நோட்டைச் சந்தானம் சென்னைக்குக் கொண்டுபோனான்.

மறு வருஷம் சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு. பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு ஆவுடைத்தாய் போனாள். நீலாவுக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இடம். மேடையில் சந்தானம் மைக்கைப் பிடித்தான்.

“ஒரு நாள் காலையில ஷேவ் பண்ணிட்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். சட்டுனு பொறி தட்டித்து…”

கூட்டம் கைதட்டியது. வாசலில் கொடுத்திருந்த அவன் கட்டுரைப் பிரதியை ஆவுடைத்தாய் மடியில் வைத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தில் அவன் பெயர் மட்டும். உள்ளே, சோதனையில் கலந்துகொண்டவர்களின் அட்டவணையில் நாலாவது வரியாக அவள்: ‘பெண், வயது 36, கிராமவாசி, கம்ப்யூட்டர் அறிவு இல்லாதவர்.’ கடைசிப் பக்கத்தில், தட்டச்சு செய்து உதவிய சகோதரி நீலாவுக்கு நன்றி.

அவள் பிரதியை மூடினாள். எழுந்து வெளியே வந்தாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நீலா குடையோடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

“நீதானே டைப் அடிச்சே?”

“ஆமாம்.”

“எப்பம்?”

“போன டிசம்பர்ல.”

டிசம்பரிலிருந்து ஏழு மாதம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

“ரெண்டு பேர் போட்டா மதிப்பு குறைஞ்சுடும்னான், ஆவுடை. வெளிநாட்டு வாய்ப்பு இதை வச்சுத்தான் வருதுன்னான். நான் என்ன பண்ணட்டும்?”

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? எம் பேரு இல்லன்னு தெரிஞ்சும் இங்கன கூட்டியாந்து உக்கார வச்சிருக்கியே. கம்ப்யூட்டர் அறிவு இல்லாதவள்னு அடிக்கையில கை கூசலையா ஒனக்கு?”

“கூசித்து,” என்றாள் நீலா. “ஆனா அடிச்சேன்.”

ஆவுடைத்தாய் நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: சோதனையில் கலந்துகொண்டவர்களின் பெயரை வெளியிடுவது வழக்கமில்லை, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அதற்குள் சந்தானம் விமானம் ஏறியிருந்தான். நோட்டு திரும்பி வரவேயில்லை.

இரண்டு வருஷம் நீலாவும் அவளும் ஒரே ஆசிரியர் அறையில், தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு இருந்தார்கள். ஒருநாள் நீலா தயங்கித் தயங்கி ஒரு வெளிநாட்டுக் கடிதத்தை நீட்டினாள். சந்தானம் பொம்மையை இப்போது நடக்கவைத்திருக்கிறான். நேராக நடக்கிறது, திரும்பும்போது மட்டும் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. ஆவுடை அக்காவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டு எழுது என்று எழுதியிருந்தான்.

படித்து முடிக்குமுன்பே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. திரும்புகிறவனுக்கு முதலில் தலை திரும்பும், பிறகு தோள், இடுப்பு, கால் கடைசியில்தான். சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. எழுந்து நின்று செய்தே காட்டியிருப்பாள்.

“எனக்குத் தெரியும், நீலா. சொல்ல மாட்டேன்.”

நீலா கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள். அன்று மாலை மைதானத்தில் மணி அடிக்கும்வரை ஆவுடைத்தாய் பிள்ளைகளுக்குத் திரும்பும் பயிற்சியையே கொடுத்துக்கொண்டிருந்தாள். யார் எதைக் கேட்டாலும் தெரிந்ததை மறைத்துப் பழக்கமில்லாதவள் அவள்.

அடுத்த ஜூனில் நீலா மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். பிரிவு உபசார விழாவன்று பாவூர்சத்திரத்தில் கோ-கோ விளையாட்டுப் போட்டி இருந்தது. ஆவுடைத்தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள்.