டீச்சர் வீட்டு டர்போ காடி பாலம் தாண்டிய கதை

போமன் தொழிலில் காடி ஒருநாளும் பொய் சொல்லாது. சொல்வதெல்லாம் அதை ஓட்டிக்கொண்டு வருகிறவர்தான். பினாங்குத் தீவில் மெக்கானிக்கை நாங்கள் போமன் என்போம், காரைக் காடி என்போம். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெயோடு கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்து முழித்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாயான் பாரு பக்கம் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் மெஷின் பழுது பார்த்துவிட்டு, கெலுகோரில் சொந்தமாக வொர்க்‌ஷாப் போட்டவள் நான். டர்போ வைத்து, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிற புது ரக இன்ஜின்தான் எனக்குப் பிடித்த வேலை. “இந்த மாதிரி இன்ஜினெல்லாம் ஏழு வருஷந்தான், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான்” என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போமன் எங்கே?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வெள்ளைக் காடி ஒன்று குலுங்கிக் குலுங்கி உள்ளே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சரோஜா டீச்சர், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து சீட்டில் அவர் கணவர் ராமையா அங்கிள், முகமெல்லாம் வெளுத்துக் கிடந்தார். அங்கிளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அன்றைக்குக் காலையில் போகும் வழியில் சிக்னலில் காடி நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியிருக்கிறது. அடுத்த ஆள் காத்திருந்ததால் அங்கிளுக்கு முழு நேரமும் செய்ய முடியவில்லை.

இரண்டு வொர்க்‌ஷாப்பில் “இன்ஜின் மாத்தணும், இல்ல வித்துடுங்க” என்று சொல்லிவிட்டார்களாம். கோலாலம்பூரில் இருக்கும் மகனோ வாங்குவதற்கு ஆளே பிடித்துவிட்டான். செவ்வாய்க்கிழமை வந்து பார்ப்பார்களாம். காடியை விற்றதும் வீட்டையும் பூட்டிவிட்டு அவனோடு போய்விட வேண்டும் என்பது அவன் கட்டளை. இதைச் சொல்லும்போதும் டீச்சர் காடிச் சாவியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். “செவ்வாய்க் காலையில இந்தக் காடியில நீங்க டயாலிசிஸுக்குப் போவீங்க டீச்சர். நான் பாக்கிறேன்” என்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார், வொர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சரிம்மா. ஆனா போமன் வந்ததும் அவரையும் ஒரு தடவ பாக்கச் சொல்லு.”

பதினோரு போத்தல்

என்னிடம் வேலை பார்க்கிற கணேசன் அண்ணனுக்கு முப்பது வருஷ அனுபவம். அவர் டிக்கியைத் திறந்தார், காலிப் போத்தல்கள் கடகடவென்று உருண்டன. எல்லாம் இன்ஜினைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிற மருந்து. டேங்கில் ஊற்றினால் கரியெல்லாம் கரைந்துவிடும் என்று யாரோ சொல்ல, டீச்சர் மாதம் தவறாமல் ஊற்றியிருக்கிறார். எண்ணிப் பார்த்தோம், பதினொன்று.

பழைய இன்ஜினில் பெட்ரோல் வால்வைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போகும், போகிற போக்கில் கழுவிவிட்டும் போகும். இந்த இன்ஜினில் பெட்ரோல் வால்வைத் தாண்டி நேரே சிலிண்டருக்குள் இறங்கிவிடுகிறது. காற்று வருகிற வால்வின் முதுகில் எண்ணெய்ப் புகை படிந்து படிந்து கரியாகும். டேங்கில் எதை ஊற்றினாலும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. “பிள்ளைக்கு வாயில மருந்து குடுத்தா தலையில இருக்கிற பேன் சாகுமா டீச்சர்?” என்று கேட்டேன். கணேசன் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “அப்போ இத்தன நாளும் நான் யாருக்கும்மா ஊத்தினேன்?”

கூடிப்போன எண்ணெய்

எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. “பாத்தியாம்மா, சொட்டுக் குறையல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மாத்தினது!” என்று டீச்சருக்குப் பெருமை. நான் கம்பியை மோந்து பார்த்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை. குறையாத எண்ணெயைக் கண்டு சந்தோஷப்படலாம். கூடுகிற எண்ணெயைக் கண்டால் பயப்பட வேண்டும். எரியாத பெட்ரோல் கீழே இறங்கி எண்ணெயோடு கலந்திருக்கிறது.

“ரெண்டு வருஷமா மாத்தலையா?” என்று கத்தியே விட்டேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, இன்னும் ஆகவில்லையே என்றார் டீச்சர். ஆகாதுதான். வீட்டிலிருந்து டயாலிசிஸ் சென்டர் மூன்றே கிலோமீட்டர். நாலு வருஷமாக அந்தக் காடி வேறெங்கும் போனதில்லை. அப்படியானால் எண்ணெய் இந்தக் கதிக்கு வந்தது எப்படி என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அங்கிள் வாயைத் திறந்தார். அவர் ரத்தம் குழாயில் ஓடுவதை டீச்சரால் பார்க்க முடியாதாம். வெளியே, வாசல் தெரிகிற இடத்தில், காடிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாராம். பினாங்கு வெயிலுக்கு ஏர்கோன் இல்லாமல் முடியுமா? இன்ஜின் அணையாது. வாரத்துக்கு மூன்று நாள், நாலு வருஷம். மீட்டரில் ஒரு கிலோமீட்டர் ஏறவில்லை, இன்ஜின் மட்டும் நின்ற இடத்திலேயே தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கத்தியதற்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கிள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நான் உள்ள நாலு மணி நேரம், இவ வெளிய நாலு மணி நேரம். ரெண்டு பேருக்கும் ஒரே டியூட்டிலா.”

மூன்றாம் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு உள்ளே வேலை பார்த்தோம். காற்று போகும் மேனிபோல்டுக் குழாயைக் கழற்றினால் நாலு சிலிண்டரின் வால்வும் அடுப்பில் அடிப்பிடித்த சட்டி போல இருந்தது. மூன்றாம் நம்பர்தான் படுமோசம். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீச்சித்தான் இதைச் சுரண்ட வேண்டும். கணேசன் அண்ணன் தூளைக் கையில் எடுத்து, “இதுல பலகாரம் செய்வாங்கன்னுதான் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார். அது பருப்பு அண்ணே, இது ஓடு என்றேன். சாயங்காலத்துக்குள் வால்வு பளபளத்தது. புது எண்ணெய், புது பிளக் எல்லாம் போட்டு ஸ்டார்ட் செய்தோம். மறுபடியும் அதே குலுக்கல்.

கணேசன் அண்ணன் துணியைத் தூக்கிப் போட்டார். “விட்டுரு தங்கச்சி, அந்தப் பையன் வித்துக்கட்டும்.” விடுவேனா? திங்கட்கிழமை காலையில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற மூன்றாம் நம்பர் காயிலை ஒன்றாம் நம்பருக்கு மாற்றினேன். பழுது கூடவே போகாமல் மூன்றிலேயே நின்றது. பிளக்கையும் இடம் மாற்றினேன். அப்பவும் மூன்றுதான். மிச்சம் இருந்தது பெட்ரோல் பீச்சுகிற இன்ஜெக்டர். கழற்றிப் பார்த்தால், முனையில் கரி பிடித்து, மூட முடியாமல் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணெயில் பெட்ரோல் கலந்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதுசு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு கடையில் இருக்கிறது என்றார்கள். நானே கடல் பாலம் தாண்டிப் போய் வாங்கி வந்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். மேலே தண்ணீர்க் குவளை வைத்தால்கூடத் தளும்பாது, அப்படி ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கணேசன் அண்ணன் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார்: “இப்படிச் சத்தமே இல்லாம ஓடுனா, நாம வேல செஞ்சோமான்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?”

வாரம் ஒரு வேளை

செவ்வாய்க் காலை அங்கிள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மகன் அனுப்பிய ஆள் வந்து பார்த்துவிட்டு நல்ல விலையே சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்கு இன்னும் மனசு தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக மகனிடம் சொல்லியிருந்தார். மறுபடி நடுரோட்டில் நின்றால் இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்ற பயம். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மீட்டரைப் பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். காத்திருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும், வேண்டுமானால் சுவரைப் பார்த்துக்கொண்டு. கடைசியாக, வாரம் ஒரு வேளை பாலம் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும், நல்ல வேகத்தில்.

“பாலமா? நாலு வருஷம் ஆச்சும்மா!” என்றார் டீச்சர். பாலத்தின் வாசலிலேயே வீட்டை வைத்துக்கொண்டு நாலு வருஷம்! ஞாயிற்றுக்கிழமை நானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பாலத்தின் மேட்டில் டீச்சரின் கால் தயங்கியது. “மிதிங்க டீச்சர், நான் இருக்கேன்லா” என்றேன். மிதித்தார். டர்போ மெல்ல விசில் அடித்தது, காடி மேட்டை ஒரு மூச்சில் ஏறியது. அங்கிள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கரையில் ஒரு கடையில், தண்ணீரைக்கூட அளந்தே குடிக்க வேண்டிய அவருக்கு, அரை கிளாஸ் தேத்தண்ணி. திரும்பும்போது பாதிப் பாலத்தில் டீச்சர் சொன்னார், “பையனுக்குப் போன் போடுங்க. காடியும் விக்கல, நாமளும் வரலன்னு சொல்லுங்க.” அங்கிள் அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனை மடியில் வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்: “நாலு வருஷமா எல்லாரும் எனக்கு இது கூடாது, அது கூடாதுன்னுதான் எழுதிக் குடுத்தாங்க. ஊர் சுத்திட்டு வாங்கன்னு எழுதிக் குடுத்த மொத டாக்டர் நீதாம்மா.”

ஆக, மூன்றாம் நம்பர் சிலிண்டர் பரம சௌக்கியம். டீச்சர்தான் இன்றைக்கும் எண்ணெய் மாற்ற வரும்போதெல்லாம் நான் பார்த்து முடித்ததை, எனக்குத் தெரியாது என்ற நினைப்பில், கணேசன் அண்ணனிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் போகிறார்.