நடுவிரலின் நடுக்கணு

அறுபதுகளில் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து நானும் ஒரு தோழியும் தங்கியிருந்தோம். மூளையின் மின்துடிப்பைக் காகிதத்தில் வரையும் இயந்திரம் ஒன்று அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதற்கு உதவியாளர் வேலை ஒன்றே ஒன்று. இருவரும் மனுப் போட்டோம். அறிக்கைகளை டாக்டர்களுக்குப் போனில் வாசிக்க வேண்டிய வேலை என்பதால் இன்டர்வியூவில் வாசிக்கச் சொல்வார்கள். எல்லோரையும் கவிழ்க்கிற சொல் ஒன்று அதில் உண்டு: எலெக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்.

என் வீட்டில் ஆங்கிலம் புழங்கும், அப்பா குமாஸ்தா. அவள் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் துருச் சுரண்டியே நெஞ்சு கெட்டு ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார்.

"இது கிடைச்சா அப்பாவை வேலைக்குப் போக வேணாம்னு சொல்லிருவேன் லா. நீதான் சொல்லித் தரணும்" என்றாள்.

சொல்லித் தந்தேன். எலெக்ட்ரோ மின்சாரம், என்செஃபலோ மூளை, கிராஃபிக் வரைவது. மொத்தம் ஒன்பது அசை. நம் ஆட்கள் எண்ணுகிறபடி கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டு எண்ணினாள்: சுண்டுவிரலில் மூன்று, மோதிரவிரலில் மூன்று, நடுவிரலில் மூன்று. ஒரே மாலையில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

"எங்க அழுத்திச் சொல்லணும்?"

எட்டாவதில், நடுவிரலின் நடுக்கணுவில். எனக்குத் தெரியும். தமிழ் நாக்கு முதல் அசையிலேயே ஓங்கிவிடும் என்பதும் தெரியும்.

"முதல்லதான். நல்லா ஓங்கிச் சொல்லு" என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் 'எ' என்று கத்தியதும் வெள்ளைக்கார டாக்டர் சிரித்ததும் வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கதவு வழியே கேட்டன. மறுபடி சொல்லச் சொன்னார். இன்னும் ஓங்கிச் சொன்னாள். பிறகு அவள் வந்து பெஞ்சில் உட்கார, நான் உள்ளே போய்ச் சரியாகச் சொன்னேன்.

வேலை எனக்குத்தான். அவள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். மக்குக்கு ஒன்றும் புரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்த ஆண்டே அவள் அப்பா பட்டறையில் சுருண்டு விழுந்து செத்தார். அவள் அதே ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குச் சேர்ந்தாள்.

சில வருடம் கழித்து, புதிதாக வந்த பெண் ஒருத்தி அந்தச் சொல்லில் திணறி, எங்கே அழுத்துவது என்று என்னைக் கேட்டாள். விரிப்புகளை வைக்க வந்த என் தோழி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, கட்டைவிரலை நடுவிரலின் நடுக்கணுவில் வைத்து அழுத்தினாள்.

"இங்கம்மா. இவங்ககிட்ட கேட்காத. இவங்க உள்ள சொன்னப்ப, நான் கதவுக்கு வெளிய உக்காந்து கத்துக்கிட்டேன்."