பிறர் குரலில் கொளஞ்சியம்மாள்

கொளஞ்சியம்மாள் சினிமாவில் எத்தனை முறை செத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பாம்பு கடித்துச் செத்திருக்கிறாள். கதாநாயகனுக்கு ஓங்கிய அரிவாளுக்குக் குறுக்கே விழுந்து செத்திருக்கிறாள். ஒரு படத்தில் ஆரம்பமே அவளுடைய பிணம்தான். மூக்கில் வைத்த பஞ்சு கூசி அவள் தும்மப்போக, தூக்கி வந்த உள்ளூர்க்காரர்கள் பாடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். சாவுக் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். சிரிக்காமல் எழுந்து போனால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமாம். அவள் மறக்காமல் சிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

சாகாத படங்களில் மருத்துவச்சி, இட்லிக் கடைக்காரி, கோயில் வாசல் பிச்சைக்காரி, மருமகள் தலையில் சாணியைக் கரைத்து ஊற்றும் மாமியார். ஒருமுறை மந்திரியின் தாயாராகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினாள். காட்சி முடிந்ததும் புடவையை அவிழ்த்து வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போகும் வேனில் ஏற்றினார்கள். நாற்பது வயதுகூட ஆகாதபோது, தன்னைவிட மூத்த கதாநாயகனுக்கு ஆயாவாக நடித்தாள். தலைக்கு வெள்ளை அடித்தார்கள். அது போகும்வரை அவள் நடவுக்குப் போன இடத்திலெல்லாம், “ஆயா, கரையில ஒக்காரு, ஒன்னால முடியாது” என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

நடவும் களையெடுப்பும் கரும்பு வெட்டும்தான் அவளுக்குத் தெரிந்த வேலைகள். ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கம். கல்வராயன் மலையில் படம் எடுக்க வந்தவர்கள் கூட்டத்துக்கு ஆள் கேட்டபோது, கல்யாணங்களுக்குச் சமையல் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த கள்ளக்குறிச்சி தனசேகரன் இவளையும் டெம்போவில் ஏற்றினான். கூட்டத்தில் பின்வரிசையில் நின்றவளை யாரோ கைகாட்டி முன்னால் வரச் சொன்னார்கள். அழச் சொன்னார்கள், அழுதாள். அதற்குப் பிறகு தனசேகரன் சமையல் ஆட்களை விட்டுவிட்டுச் சினிமா ஏஜென்ட் ஆகிவிட்டான். அவள் காரைக்குடிக்கும் பொள்ளாச்சிக்கும் போய் நடித்துவிட்டு, திரும்பி வந்து சேற்றில் இறங்கினாள்.

ஆனால் இத்தனை படங்களில் ஒன்றில்கூட அவள் குரல் வரவில்லை. சின்ன வேடக்காரர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் பேச வைப்பதில்லை. அங்கேயே இருக்கும் டப்பிங் ஆட்கள் பேசிவிடுவார்கள். அவள் முகம் ஒரு படத்தில் மதுரைப் பேச்சு பேசியது, இன்னொரு படத்தில் கோயம்புத்தூர்ப் பேச்சு பேசியது.

அவள் புருஷன் வேடியப்பனுக்கு அதுவே பெரிய வேடிக்கை. ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். எந்தப் படத்தில் எந்த வேஷம் என்று அவள் சொல்லக் கூடாது. அவனே திரையில் தேடிக் கண்டுபிடிப்பான். கூட்டத்தில் முதுகைக் காட்டி நின்றாலும், “அதோ, காலைச் சாச்சி நிக்கிறா பாரு” என்பான். அவள் வாயைத் திறந்ததும் தியேட்டரே திரும்பிப் பார்க்கச் சிரிப்பான்.

“மூஞ்சி உன்து, வாய் யார்துடி?”

“எவளோ மவராசி பேசறா. உனக்கு இன்னா?”

“வூட்லயும் அவளையே பேசச் சொல்லேன். கொஞ்சம் மருவாதியா பேசறா.”

பிறகு சர்க்கரை வியாதி அவன் கண்ணுக்கு வந்தது. முதலில் இராத்திரி டிராக்டர் ஓட்ட முடியவில்லை. அப்புறம் பகலிலும் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டும் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும் அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியது. இரண்டு மகள்களும் கல்யாணமாகி வெளியூர் போயிருந்தார்கள். அவன் நாளெல்லாம் டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காதால் படம் பார்த்தான்.

ஒரு நாள் எதிர் வீட்டுக் காசியம்மாள் ஓடிவந்து, “யக்கா, நீ வர்ற படம் ஓடுது, போடு போடு” என்றாள். அது இட்லிக் கடைக்காரி வந்த படம். திரையில் கொளஞ்சி கரண்டியை நீட்டிக் கதாநாயகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வேடியப்பன் முகத்தை டிவிப் பக்கம் திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்டான். ஒரு மதுரைக்காரி பேசினாள்.

“யாரோ பேசறாங்க” என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று கொளஞ்சி அடுப்பைப் பற்ற வைக்காமல் வெகுநேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு படத்திலாவது தன் தொண்டையால் பேசிவிட வேண்டும். அதை இந்த மனுஷன் கேட்க வேண்டும். அதற்கு மேல் சினிமாவிடம் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு முந்தின வருஷம் தனசேகரன் ஒரு வேஷம் கொண்டுவந்தான். வெள்ளிமலைப் பக்கம் படப்பிடிப்பு. ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போய்த் திரும்பி வராத மகனுக்குத் தாய். படம் முழுக்க வருகிற வேஷம். டைரக்டர் அரங்கநாதன் சின்ன வயதுக்காரர். அவளை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார்.

“அம்மா, இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது. லைவ் சவுண்டு. நீங்க இங்க என்ன பேசறீங்களோ அதுதான் தியேட்டர்ல கேக்கும்.”

“என் தொண்டையா சார்?”

“உங்க தொண்டைதாம்மா. உங்க ஊர்ப் பேச்சு அப்படியே வேணும்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது வேடியப்பன் கையை உயர்த்தித் தடுத்தான். “எந்த வேஷம்னு சொல்லாத. கதையும் சொல்லாத. உன் தொண்டையக் கேட்டா போதும், நானே கண்டுபுடிக்கறேன்.” மறுநாளே தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

மலையில் படப்பிடிப்பு புதுவிதமாக இருந்தது. டேக் என்றதும் ஜெனரேட்டரைத் தள்ளி நிறுத்தினார்கள். ஆடுகளை ஓட்டிவிட்டார்கள். பேருந்து வரும் நேரம் பார்த்து நிறுத்தினார்கள். அவள் ரவிக்கைக்குள், நெஞ்சுக்கு நடுவே, பொத்தான் அளவு மைக் ஒன்றை ஒட்டி, ஒயரை முதுகுப் பக்கம் விட்டு இடுப்பில் ஒரு பெட்டியைச் செருகினார்கள். மூச்சு விட்டால்கூடக் கேட்கும் என்றார் சவுண்டுக்காரர். அவள் மூச்சைக்கூடப் பார்த்து விட்டாள்.

பெரிய காட்சியைக் கடைசி நாளில் எடுத்தார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போன புரோக்கர் தனியாகத் திரும்பி வருகிறான். வாசலில் அவனை மறித்து அவள் கேட்க வேண்டும். ஒத்திகையில் நின்ற இடத்தில் நின்றபடியே பேசினாள். டேக்கில், “கூட்டிக்கினு போனியே, எங்கடா வுட்டுட்டு வந்த?” என்று தொடங்கினாள். மூன்றாவது வார்த்தையில் அவளுக்குள் ஏதோ அவிழ்ந்துவிட்டது. அவள் ஊரில் இழவு விழுந்த வீட்டுப் பெண் எப்படி அழுவாளோ அப்படி, இரண்டு கைகளாலும் நெஞ்சில் அறைந்துகொண்டே பேசினாள். வேறு விதமாக அழ அவளுக்குத் தெரியாது. புரோக்கராக நடித்தவன் தன் வசனத்தை மறந்து நின்றான். வேடிக்கை பார்த்த மலைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சவுண்டுக்காரர் மட்டும் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு டைரக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். டைரக்டர் கட் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடித்த ஒவ்வொரு அடியும் மைக்கின் மேலேயே விழுந்திருந்தது. போட்டுக் காட்டினார்கள். கொட்டு அடிக்கிற சத்தம். அதற்கு அடியில் எங்கோ ஒரு பெண் பேசுகிற மாதிரி இருந்தது. இன்னொரு முறை எடுத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். அது ஒப்பிக்கிற மாதிரி வந்தது. இன்னொன்றும் அப்படியே. அதற்குள் வெயில் இறங்கிவிட்டது.

“முதல் டேக்தான். அதை விட முடியாது” என்றார் டைரக்டர். “இந்த ஒரு சீனுக்கு மட்டும் சென்னைக்கு வந்து பேசிடுங்கம்மா. உங்க குரல்தான், கவலைப்படாதீங்க.”

சென்னையில் அந்த ஸ்டூடியோ ஒரு மாடி வீட்டுக்குள் இருந்தது. இருட்டறை. எதிரே திரையில் அவள் முகம். காதில் ஹெட்போனை மாட்டி, முன்னால் நின்ற மைக்கைக் காட்டி, வாய் அசையும்போது பேசச் சொன்னார்கள். அவள் பேசினாள். திரையில் வாய் மூடிய பிறகும் இவள் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை வாய் திறப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட்டாள். வாயைப் பார்த்தால் வசனம் மறந்தது. வசனத்தை நினைத்தால் வாய் ஓடிவிட்டது.

“உங்க வாய்தாம்மா அது” என்றார் டைரக்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக.

“தெரியுது சார். ஆனா நிக்க மாட்டேங்குதே.”

அழுகை வந்தால் சரியாகும் என்று நினைத்தாள். கையைச் சும்மா வைத்துக்கொண்டு அழுகை வரவில்லை. அவளை அறியாமல் கை நெஞ்சுக்குப் போனது. “அம்மா, தட்டாதீங்க, தட்டற சத்தம் தனியா போட்டுக்கறோம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். குரலும் கூடவே அமுங்கிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகும் முயன்றாள். டைரக்டரின் போன் திரும்பத் திரும்ப அடித்தது. சாயங்காலம் அந்த இடத்துக்கு வேறு படக்காரர்கள் வருகிறார்களாம்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னால முடிஞ்சதைச் சொல்லிப் பாத்துட்டேம்மா. தயாரிப்பாளர் கேக்க மாட்டேங்கறார், டப்பிங் ஆளை வச்சு இன்னிக்கே முடிக்கச் சொல்றார்.”

“அந்த ஒரு எடம் மட்டும் வேற ஆளு பேசட்டும் சார். மலையில மத்ததெல்லாம் நல்லாதான பேசினேன்?”

“ஒரே ஆளுக்கு ரெண்டு குரல் வராதும்மா. பேசினா மொத்தமும் அவங்கதான் பேசணும்.”

தங்கமணி என்ற டப்பிங் அம்மா வந்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட, பருத்த பெண். வந்ததும் கொளஞ்சியைக் கும்பிட்டாள். காட்சியை இரண்டு முறை சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தாள்.

“அக்கா, உங்க ஊர்ல ‘என்ன’ன்னு கேப்பீங்களா, ‘இன்னா’ன்னா?”

“இன்னா.”

“வீடுன்னு சொல்ல மாட்டீங்க இல்ல?”

“வூடு.”

அவ்வளவுதான் கேட்டாள். கையை அசைக்காமல், தாளைப் பிடித்தபடி நின்று, “கூட்டிக்கினு போனியே” என்று தொடங்கினாள். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்த கொளஞ்சி திரையை நிமிர்ந்து பார்த்தாள். திரையில் இருந்தவளின் வாயிலிருந்தே வந்தது அது. தன் குரலை விட அதுதான் அந்த முகத்துக்குப் பொருந்தியது. ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வந்த தங்கமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மூஞ்சிக்குப் பேசறது சுலபம்க்கா. எல்லாத்தையும் நீங்களே பண்ணி வச்சிருக்கீங்க.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வேடியப்பன் கேட்டான்.

“பேசிட்டியா?”

“பேசியாச்சி.”

அதற்குப் பிறகு படம் வருவதற்குப் பல மாதம் ஆனது. ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அவன் யாரிடமாவது, “இந்தப் படத்துல அதுவே பேசியிருக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

படம் கள்ளக்குறிச்சிக்கு வந்ததும் மதியக் காட்சிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. அவன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான். கூட்டம் இல்லை. அவனைக் கையைப் பிடித்து நடத்தி ஓரத்து இருக்கையில் உட்கார வைத்தாள்.

விளக்கை அணைத்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். முதலில் ஒரு சின்னப் பெண் பேசினாள். உதட்டைப் பிதுக்கினான். கடைக்காரி ஒருத்தி பேசினாள். “இது இல்ல” என்றான். வீட்டு வாசலில் கொளஞ்சி உட்கார்ந்து மகனுக்குச் சோறு போட்டாள். “சாப்புடு சாமி, போற எடத்துல இன்னா கெடைக்குமோ” என்றது தங்கமணியின் குரல்.

அவன் தலையைச் சாய்த்தான். இவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதுவும் இல்ல” என்றான். “நம்ம ஊர்ப் பேச்சுதான். ஆனா நீ இல்ல.”

காட்சிகள் போய்க்கொண்டிருந்தன. புரோக்கர் தனியாகத் திரும்பி வந்தான். திரையில் அவள் நெஞ்சில் அறைந்துகொண்டாள். இனித் தாங்காது என்று தோன்ற, கொளஞ்சி அவன் காதருகே குனிந்தாள்.

“இந்தாய்யா, அது வந்து...”

“சும்மா இரு கொளஞ்சி. அந்தம்மா அழுவுது.”

பின்னாலிருந்து ஒருவர், “யம்மா, படம் பாக்க வுடும்மா” என்றார். அவள் நிமிர்ந்தாள். வேடியப்பனின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் கழுத்தில் இறங்கியது. அவள் நடித்த எந்தப் படத்துக்கும் அவன் அழுததில்லை.

காட்சி முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். “உன்து எப்ப வரும்?”

உண்மை வாய் வரைக்கும் வந்தது. அந்த அம்மாள் நான்தான் என்று சொன்னால், குரல் யாருடையது என்று கேட்பான். சொன்னால் அவன் அழுததற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

“நான் வர்ற எடத்த வெட்டிட்டாங்க போலருக்குது” என்றாள்.

அவன் தடவி அவள் கையைப் பிடித்தான். “எத்தினி வாட்டி மலை ஏறி எறங்குன. மெட்ராசுக்கு வேற போன. நாதியத்த பசங்க. வுடு, அவுங்களுக்குக் குடுத்து வைக்கல.”

“வா, வூட்டுக்குப் போலாம்” என்று அவள் எழுந்தாள்.

அவனும் பாதி எழுந்தான். அதற்குள் திரையிலிருந்து அந்தக் குரல், மகன் பெயரைச் சொல்லி யாரிடமோ வழி கேட்டது. அவன் அவள் கையை இழுத்து உட்கார வைத்தான்.

“இரு, இரு. அந்தம்மாவுக்குப் புள்ள கெடைச்சானா இல்லியான்னு கேட்டுட்டுப் போலாம்.”

கிடைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கையை விடாமல் திரையைப் பார்த்தாள்.